ஆடைத் தொழிலுக்குப் போகும் பிள்ளை எந்த மொழி படிக்கலாம்?

மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஒரு தாய் போன மாதம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அடுத்து ஆடை வடிவமைப்பு படிக்கப் போகிறாள். தாயின் கையில் இத்தாலிய மொழி வகுப்பின் துண்டுப் பிரசுரம் இருந்தது. ஓராண்டுக் கட்டணத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். "மிலானுக்குப் போக வேண்டும் என்கிறாள் அக்கா. பணம் கட்டிவிடலாமா?" என்று கேட்டார்.

ஆண்டுக்குப் பத்துப் பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். சிலருக்கு இத்தாலியம், சிலருக்குச் சீனம், தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொரியம். நான் திருப்பூர்க்காரி. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகத் தொழில் பழகி, 2006-இல் மொரீஷியசுக்கு வந்தேன். அன்றுமுதல் இங்குள்ள ஸ்வெட்டர் ஆலைகளில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனித்து வருகிறேன். வாடிக்கையாளர் கேட்பதை ஆலைக்கும், ஆலை செய்வதை வாடிக்கையாளருக்கும் பிசகாமல் கொண்டுசேர்ப்பதுதான் என் வேலை. ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்த சரக்கில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம், "பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதுவாயா?" என்று கேட்டேன்.

"பேசுவேனே, தாந்தின்." இங்கே பிள்ளைகள் அத்தையையும் சித்தியையும், அக்கம்பக்கத்துப் பெண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"பேசுவாய். எழுதுவாயா?"

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். மொழிப் பாடமாகத் தமிழ். நான் இருபத்தேழு வயதில் வாயைக் கோணிக் கோணிப் பழகிய ஒலிகள் இவர்களுக்குக் காது வழியாகவே வந்துவிடுகின்றன. அது பெரிய செல்வம். ஆனால் வந்துவிட்டது என்ற நம்பிக்கையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கிரியோலின் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்து வந்தவை என்றாலும், வினை திரியும் முறை வேறு, ஆண்பால் பெண்பால் கிடையாது, ஒலியும் மாறியிருக்கிறது. பிரெஞ்சில் ஸ்கர்ட்டுக்கு 'ஜூப்' என்று பெயர். கிரியோலில் அது 'ஜிப்'. இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவர் ஜிப்பை 2 செ.மீ. கூட்டச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் மாதிரி தைக்கும் பிரிவுக்குப் போய்க் கிரியோலில் சொன்னார். மறுநாள் ஸ்கர்ட் 2 செ.மீ. நீளமாக வந்தது, ஜிப் அப்படியே இருந்தது.

அது ஒரே ஒரு மாதிரி, திரும்பத் தைத்துவிட்டோம். 2011-இல் நடந்தது அப்படித் தீரவில்லை. பிரெஞ்சு வாடிக்கையாளர் ஒருவருக்கு 1,800 ஸ்வெட்டர்கள். மாதிரியைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதிய பதிலில் ஒரே வரி: 'ஓகே பூர் லா ப்ரோத், சூ ரெசேர்வ் து போர்-கோத்.' எனக்குக் கீழே வேலை பார்த்த உள்ளூர் இளைஞர்தான் அதைப் படித்தார். பிரெஞ்சு பேசுவதில் என்னைவிடச் சரளமானவர். முதல் பாதி, உற்பத்திக்குச் சம்மதம். 'போர்-கோத்' என்றால் கழுத்திலும் கைமுனையிலும் வரும் ரிப் பட்டி. இடையில் நின்ற 'ரெசேர்வ்' என்பதை ஆங்கிலத்து 'ரிசர்வ்' ஆக எடுத்துக்கொண்டு, ரிப்புக்கான நூலில் கொஞ்சம் இருப்பு வைக்கச் சொல்கிறார்கள் என்று ஸ்டோருக்குக் குறிப்பு அனுப்பிவிட்டார். உண்மையில் 'சூ ரெசேர்வ் து' என்றால் 'அது சரியானால் மட்டுமே' என்று பொருள். கழுத்துப் பட்டி தளர்வாக இருக்கிறது, அதை இறுக்கிக் காட்டிய பிறகுதான் சம்மதம் என்று எழுதியிருந்தார்கள். மின்னஞ்சலின் நகல் எனக்கும் வந்திருந்தது. நானும் 'ஓகே'யைப் பார்த்தவுடன் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தத் தவறில் எனக்கும் சரிபாதி உண்டு.

ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியை லிங்கிங் இயந்திரத்தில் இணைப்பார்கள். வட்டமாகச் சுற்றும் ஊசிமுனைகளில் ஒவ்வொரு கண்ணியையும் கையால் மாட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் அங்கே ஓட்டை விழும். கண்ணையும் கழுத்தையும் வாங்கும் வேலை. அந்த 1,800 கழுத்துகளையும் பெண்கள் கண்ணி கண்ணியாகப் பிரித்தார்கள். பட்டிகளை மறுபடி பின்னி, மறுபடி மாட்டினார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. கப்பலில் போக வேண்டிய சரக்கு ஆலையின் செலவில் விமானத்தில் போனது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் தீவில் ஆடை ஆலைகள் பெருகின. பெரிய நாடுகளுக்கு விதிக்கப்பட்டிருந்த ஏற்றுமதி ஒதுக்கீடு இந்தச் சிறிய நாட்டுக்கு நிழலாக இருந்தது. 2005 ஜனவரி 1-ஆம் தேதி அந்த ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது. விலையில் மட்டும் போட்டி போட்ட ஆலைகள் பல மூடப்பட்டன. தாக்குப்பிடித்தவர்களில் பலர் குறைந்த எண்ணிக்கை, நல்ல தரம், சீக்கிரம் கொடுப்பது என்று மாறிக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆர்டர்கள் கூடும். ஆர்டருக்கு ஆர்டர் கடிதமும் குறிப்பும் திருத்தமும் கூடும். அந்தக் குறிப்புகளைச் சரியாகப் படிக்கிறவருக்குத்தான் இன்று இந்தத் தொழிலில் மதிப்பு.

எனவே மொரீஷியசிலோ பக்கத்துத் தீவான ரியூனியனிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு என் முதல் பதில்: புதிய மொழிக்குப் பணம் கட்டும் முன் கையில் இருக்கும் பிரெஞ்சைத் தொழில் பிரெஞ்சாக ஆக்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் படித்த இலக்கிய வாசிப்பு இங்கே போதாது. ஆடையின் எல்லா அளவுகளும் அடங்கிய 'ஃபீஷ் தெக்னிக்' என்ற தாளை ஒரு சொல் விடாமல் படிக்க வேண்டும். 'ஆன்மான்ஷூர்' என்றால் கைக்குழி. 'துருவா-ஃபில்' என்றால் துணியின் நேர்இழை. 'பத்ரோன்' முதலாளியையும் குறிக்கும், துணி வெட்ட வைக்கும் காகித அளவையும் குறிக்கும். 'வெஸ்த்' என்றால் பிரெஞ்சில் கோட்டு. ஆங்கிலத்தில் அதேபோல் ஒலிக்கும் சொல் இங்கிலாந்தில் உள்பனியனைக் குறிக்கும். இவற்றையெல்லாம் எந்த மொழி வகுப்பும் வரிசையாகச் சொல்லித் தராது.

இரண்டாவது மொழி ஒன்று வேண்டும் என்றால் நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குத் தேவையான அளவு இத்தாலியமோ ஸ்பானியமோ கற்க ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் 2,200 மணி நேரம். வாரம் 4 மணி நேர வகுப்பு என்றால் முதல் வகைக்கு ஏறத்தாழ மூன்று முதல் மூன்றரை ஆண்டு ஆகும். இரண்டாவது வகைக்குப் பத்து ஆண்டுகளைத் தாண்டும். பிரெஞ்சு அறிந்த நம் பிள்ளைக்கு இத்தாலியம் இன்னும் விரைவாக வரும். ஓராண்டு வகுப்பு என்று பிரசுரத்தில் போட்டிருப்பது தொடக்கம் மட்டுமே என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு, பிள்ளை எந்த மேசையில் உட்காரப் போகிறது என்று பாருங்கள்.

ஸ்வெட்டர் வடிவமைப்பில் ஆழமாகப் போகிறவளுக்கு இத்தாலியத்தை மனமாரச் சொல்வேன். மிலான் மேடைகளை நினைத்துச் சொல்லவில்லை. உயர்ந்த கம்பளி நூல் இத்தாலியின் பியெல்லாவிலிருந்தும் பிராத்தோவிலிருந்தும் வருகிறது. ஃபிளாரன்சில் ஆண்டுக்கு இருமுறை 'பித்தி ஃபிலாத்தி' என்ற நூல் கண்காட்சி நடக்கிறது. நூல்காரர் சிறு பின்னல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து 'மானோ' என்பார். 'மானோ' என்றால் கை. துணி கையில் எப்படி உட்காருகிறது என்பதற்கும் அதே சொல். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி விட்டுவிட்டு, இது துவைத்த பிறகு எப்படி ஆகும், கண்ணியை எவ்வளவு இறுக்கலாம் என்று அவர் மொழியிலேயே கேட்டால், அவர் மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுப்பார். ஆங்கிலத்தில் கேட்டபோது அந்தப் பெட்டி எனக்கு வெளியே வந்ததில்லை.

துணியும் பட்டனும் ஜிப்பும் வாங்கும் பிரிவுக்குப் போகிறவருக்குச் சீனம். இங்கே பிரெஞ்சில் 'துஷே', இத்தாலியத்தில் 'மானோ' என்று சொல்வதையே அவர்களும் 'ஷோ கான்', கையின் உணர்வு என்கிறார்கள். சீனாவின் ஷாவ்ஷிங் நகரில் உள்ள கெச்சியாவ் துணிச் சந்தையில் பேரம் பேச ஆங்கிலமும் கால்குலேட்டரும் போதும். ஆனால் 'தா ஹுவோ' என்ற சொல் தெரிய வேண்டும். பெரிய சரக்கு, அதாவது மாதிரிக்குப் பிறகு வரும் மொத்தச் சரக்கு. மாதிரியின் நிறமும் மொத்தச் சரக்கின் நிறமும் எவ்வளவு விலகலாம் என்பதில்தான் சண்டையே வரும். அதை அவர்கள் மொழியில் எழுதி வாங்கியவர் தப்பித்தார். மொரீஷியசுக்கும் சீனாவுக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பதால் இந்தத் தேவை குறையப் போவதில்லை. சீன மொழி கற்பிக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் கன்ஃபூசியஸ் நிலையத்தோடு இணைந்திருப்பது ஹாங்சோவின் ஜெஜியாங் சை-டெக் பல்கலைக்கழகம். 1897-இல் பட்டுப்புழு வளர்ப்புப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. துணித் தொழிலுக்காகச் சீனம் படிக்க இதைவிடப் பொருத்தமான வாசல் கிடைப்பது அரிது. பத்து ஆண்டு பொறுமை இருக்கிறதா என்பதை மட்டும் பிள்ளையிடமே கேளுங்கள்.

ஜப்பானியத்தையும் ஜெர்மனையும் இயந்திரங்களுக்காகச் சொல்வார்கள். எங்கள் பின்னல் இயந்திரங்களில் பல ஜப்பானின் வாக்கயாமாவிலோ ஜெர்மனியின் ராய்ட்லிங்கனிலோ செய்தவைதான். கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்த மொழிகளில் ஆசை இருந்தால் படியுங்கள், தொழிலுக்கென்று வேண்டாம். தென்னாப்பிரிக்க வாடிக்கையாளருக்கு ஆங்கிலம் போதும்.

பெற்றோர் யாரும் கேட்காத இரண்டு மொழிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஆலைகளில் தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏராளமானோர் வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள். மொரீஷியஸ் நிறுவனங்கள் பல மடகாஸ்கரின் தலைநகரான அந்தனானரிவோவிலும் ஆலை வைத்திருக்கின்றன. உற்பத்திப் பிரிவில் மேற்பார்வையாளராகப் போகிற பிள்ளைக்கு வங்காளமும் மடகாஸ்கரின் மலகாசியும் மிலானைவிட அருகில் இருக்கின்றன. நான் வங்காளத்தில் இருபது வாக்கியங்கள்தான் கற்றேன். தையல், நூல், தவறு, மெதுவாக, சாப்பிட்டாயா. அதற்கு முன்பு தவறு நடந்தால் துணியை மடித்து அடியில் வைத்துவிடுவார்கள். பிறகு கையை உயர்த்திக் காட்டத் தொடங்கினார்கள். வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்திருக்கும் பெண்ணிடம் அவள் மொழியில் நாலு வார்த்தை பேசுவது மேற்பார்வையாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். பள்ளியில் தமிழ் படித்த இங்குள்ள இளைஞர் ஒருவர் திருப்பூரிலிருந்து வரவேண்டிய துணிக்காக மூன்று வாரம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 'விரைவில் அனுப்புகிறோம்' என்றே பதில் வந்தது. "தமிழில் பேசு தம்பி" என்றேன். கூச்சத்தோடுதான் அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர், "மொரீஷியசிலிருந்தா? தமிழா?" என்று வியந்துவிட்டு, "சாயப்பட்டறையில் துணி நின்றுவிட்டது தம்பி. இன்னும் எட்டு நாள் ஆகும், அதற்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். எட்டு நாள் என்று தெரிந்ததால் வெட்டும் வரிசையை மாற்றிக்கொள்ள முடிந்தது. இந்தியாவோடும் மொரீஷியசுக்கு 2021 ஏப்ரல் முதல் வணிக ஒப்பந்தம் இருக்கிறது. காஜா, பிசிறு, பட்டி, பாவு, ஊடை என்று நம் ஊரில் புழங்கும் சொற்களையும் பள்ளித் தமிழோடு சேர்த்துக்கொண்டால் அது தொழில் மொழிதான்.

அந்தத் தாயிடம் இத்தாலிய வகுப்பை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். பெண்ணின் கையில் பழைய ஃபீஷ் தெக்னிக் ஒன்றைக் கொடுத்து, தெரியாத சொற்களுக்குத் தமிழிலோ கிரியோலிலோ பொருள் எழுதி வரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் வந்தாள். முப்பத்தொன்பது சொற்கள். 'எஸான்ஸ்' என்பதற்கு 'வசதி' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். அகராதி அப்படித்தான் சொல்லும். அளவு நாடாவை எடுத்து முதலில் அவள் மார்பளவைப் பார்த்தேன்: 86 செ.மீ. பிறகு அவள் அணிந்திருந்த சட்டையின் சுற்றளவு: 96. "மீதிப் பத்து எதற்கு?" என்று கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, மூச்சை இழுத்துவிட்டு, "இதற்கு" என்றாள். பிறகு 'வசதி'யை அடித்துவிட்டு, பென்சிலால் 10 செ.மீ. என்று எழுதினாள்.