இங்கிலீஷில் தாய்மொழி வாடை அடிக்கிறதா? பரவாயில்லை

பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். திக்குவாய், பக்கவாதம் என்று வருபவர்களுக்கு நடுவே, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் "இங்கிலீஷ் பேசினா தாய்மொழி வாடை அடிக்குது, எடுத்துவிடுங்க" என்று கேட்டு வருபவர்களும் உண்டு. போன மாதம் ஒரு இளைஞர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அலுவலகக் கூட்டங்களில் வாய்விட்டுச் சொல்லப் பயந்து அவர் ஒதுக்கி வைத்திருந்த இருபத்திரண்டு சொற்கள் அதில் இருந்தன.

அவரிடம் நடிகை இங்கிரிட் பெர்க்மன் பற்றிச் சொன்னேன். 1915இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், அப்பா ஸ்வீடன்காரர், அம்மா ஜெர்மன்காரர். ஸ்வீடிஷ் படங்களில் பேர் வாங்கி, 1938இல் ஒரு ஜெர்மன் படமும் நடித்துவிட்டு, அடுத்த வருடம் ஹாலிவுட் போனார். அங்கே ரூத் ராபர்ட்ஸ் என்ற பயிற்சியாளர் கூடவே இருந்து ஆங்கில வசனம் பழக்கினார். ஆனாலும் ஸ்வீடிஷ் சாயல் கடைசிவரை போகவில்லை. அந்தக் குரலோடுதான் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்து 1947இல் டோனி விருது வாங்கினார். அப்புறம் இத்தாலி. 1953இல் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் மறுபடி அதே ஜோன், இந்த முறை இசையமைப்பாளர் ஓனெகரின் இசை நாடகத்தில், இத்தாலிய மொழியில். அதையே பாரிஸில் பிரெஞ்சிலும், லண்டனில் ஆங்கிலத்திலும், ஸ்டாக்ஹோமில் ஸ்வீடிஷிலும் செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1974இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. ஸ்வீடன் மிஷனரிப் பெண்ணாக, சொல் கிடைக்காமல் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில், வெட்டே இல்லாத ஒரே நீண்ட ஷாட்டில் பேசுவார். கேமரா அவர் முகத்தை விட்டு விலகாது. மூன்றாவது ஆஸ்கர் அதற்குத்தான்.

வாடை என்பது நோய் இல்லை. முதலில் பழகிய மொழியின் ஒலிகள் வாயில் படிந்திருப்பதன் அடையாளம், அவ்வளவுதான். எதிரில் இருப்பவருக்குப் பேச்சு புரிகிறதா என்பதை மட்டும்தான் நான் பார்ப்பேன். பெரும்பாலும் சிக்கல் வேகத்தில் இருக்கும், அல்லது சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதில். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும் என்பதும் தவறு, அதற்காகத் தாய்மொழியை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பேச்சு திடீரென்று குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொண்டைக் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

சரி, அந்தத் தாள். எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நான்கு சொற்கள்தான் எனக்குப் பிடிபடவில்லை. அந்த நான்கை மட்டும் வட்டம் போட்டு எடுத்துக்கொண்டோம், மீதியை அடுத்த கூட்டத்திலேயே அப்படியே பேசச் சொல்லி அனுப்பினேன்.