கன்ஸிப்ரா: பூசாரியா, பொக்கிஷக்காரரா?

தெற்கு ஈராக்கிலும் ஈரானின் கூசிஸ்தானிலும் ஆற்றங்கரையை விடாமல் வாழ்ந்துவந்த, ஆற்றில் முழுக்காட்டுவதை முக்கியச் சடங்காகக் கொண்ட மந்தேயர்கள் என்ற சிறு மதச் சமூகத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது, அவர்களுடைய மூத்த குருவான 'கன்ஸிப்ரா'வைத் 'தலைமைப் பூசாரி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சொல்லில் பாதி அங்கேயே காணாமல் போய்விடுகிறது.

நேர்ப்பொருள் பொக்கிஷக்காரர். பழைய ஈரானிய மொழியில் 'கன்ஸ' என்றால் பொக்கிஷம், 'பர' என்றால் சுமப்பவர் (நாம் சொல்லும் 'பாரம்' என்ற வடசொல்லுக்கும் இதே வேர்தான்). பாரசீகப் பேரரசில் இது அரசாங்கப் பதவி. அதன் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் கிடைத்த கல் உரல்களிலேயே அரமேய எழுத்தில் பொறித்திருக்கிறது. எபிரேயத்தில் 'கிஸ்பார்' ஆகி இன்றும் பொருளாளரைக் குறிக்கிறது. டெல்லி தரியாகஞ்சில் உள்ள 'கஞ்ச்'கூட இந்தக் குடும்பம்தான்.

சரி, ஆற்றில் முழுக்காட்டுகிற குருவிடம் என்ன பொக்கிஷம்? நூல்தான். அவர்களுடைய வேதத்தின் பெயரே 'கின்ஸா ரப்பா', அதாவது பெரும் பொக்கிஷம். வலம், இடம் என்று இரண்டு பகுதி. ஒன்றைப் படித்து முடித்தால் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். படியெடுப்பது புண்ணியம். எழுதி முடித்தவர் கடைசியில் தன் பெயரைப் போட்டு, யாருடைய படியைப் பார்த்து எழுதினேன், அவர் யாரைப் பார்த்து எழுதினார் என்று பின்னோக்கி அடுக்கிக்கொண்டே போவார். இடப்பகுதியில் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஒரு பெண், கித்ராவின் மகள் ஷ்லாமா. காலம் கி.பி. 200ஐ ஒட்டி என்பது ஆய்வாளர் கணிப்பு.

1831இல் காலராவில் குருமார் அத்தனை பேரும் போனார்கள். குருமார் வீட்டுப் பிள்ளைகளாக ஏடு படித்திருந்த யஹ்யா பிஹ்ராமும் ராம் ஸிஹ்ரூனும்தான் குருத்துவத்தை மறுபடி நிறுவினார்கள். கைவசம் படிகள் இருந்ததால் நடந்தது அது.

அப்புறம் தமிழில் என்ன சொல்வது? 'கருவூலர்' என்றால் பென்ஷன் பில் நினைவுக்கு வருகிறது. 'ஏட்டுக்காவலர்' நல்ல தமிழ், ஆனால் செல்வம் என்ற பொருள் அதில் இல்லை. என் ஓட்டு 'பண்டாரி'க்கு. வடமொழி வழி வந்ததுதான், இருக்கட்டும். பண்டாரம் என்றால் நமக்குக் களஞ்சியமும் உண்டு, சைவத் துறவியும் உண்டு; கல்வெட்டுகள் நூலகத்தையே 'சரஸ்வதி பண்டாரம்' என்கின்றன. கன்ஸிப்ராவுக்கு அடுத்த படியில் உள்ள 'தர்மிதா'வையும் துணைப் பூசாரி ஆக்கிவிட வேண்டாம். அதன் பொருள் 'சீடர்', அவ்வளவுதான்.