சமூகக் காவலா, மக்களோடு காவலா?

“இரு சமூகத்தினரிடையே மோதல், போலீஸ் குவிப்பு” என்று மேலே ஒரு தலைப்பு. நாலு விரற்கடை தள்ளிக் கீழே, “சமூகக் காவல் கூட்டம், பொதுமக்கள் பங்கேற்பு” என்று இன்னொன்று. திருநெல்வேலிப் பக்கத்துச் செய்திகளைத் தினமும் வாசிப்பவர்களுக்கு இரண்டுமே பழகிய வரிகள். மேல் வரியில் ‘சமூகம்’ என்றால் சாதி என்று எல்லாருக்கும் தெரியும். கீழ் வரிக்கு வந்ததும் அந்தப் பொருளை மறந்துவிட்டு வாசிக்க வேண்டும் என்று மொழிபெயர்த்தவர் எதிர்பார்க்கிறார். யாரும் மறக்கமாட்டார்கள்.

‘கம்யூனிட்டி போலீசிங்’ என்ற தொடருக்குத்தான் இந்த ‘சமூகக் காவல்’. ஒரு பகுதியில் குடியிருப்பவர்களும் அந்தப் பகுதிக் காவலர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும், வெட்டுக்குத்து நடந்தபின் ஓடிவராமல் தகராறு முளைக்கும்போதே சேர்ந்து தீர்க்க வேண்டும் என்பது அதன் பொருள். ‘கம்யூனிட்டி’யின் லத்தீன் வேர் ‘கம்யூனிஸ்’, பொதுவானது. ‘போலீஸ்’, நகரத்தைக் குறிக்கும் ‘பொலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ‘காவல்’ நம் சொல். ‘கா’ என்ற ஓரெழுத்து வினையடி. காப்பவன் காவலன், சங்கப் பாட்டில் அரசனுக்கே அந்தப் பெயர். ‘சமூகம்’ வடமொழிச் ‘சமூஹ’, அதாவது கூட்டம், திரள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

‘வேரில் சாதி இல்லையே, பிறகென்ன?’ என்று கேட்பார்கள். சொல்லுக்குப் பொருள் வேரில் இருந்து வருவதைவிடப் புழக்கத்தில் இருந்து வருவதே அதிகம். ‘கம்யூனிட்டி சர்டிபிகேட்’ என்றால் தாலுகா ஆபீசில் கையில் தருவது சாதிச் சான்றிதழ். கல்யாணத் தரகர் “நீங்க எந்தச் சமூகம்?” என்று கேட்டால், ‘மனித சமூகம்’ என்று யாரும் பதில் சொல்வதில்லை. ‘சமுதாயம்’ இன்னும் மோசம். “சமுதாயச் சொந்தங்களே” என்று தொடங்கும் குரல்பதிவு எந்த வாட்ஸ்அப் குழுவுக்குள் சுற்றும், எந்தக் குழுவுக்குள் சுற்றாது என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். அவன் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்துக்கும் அந்தச் சொல்தான் விளக்கம். அருவாளோடு ஒரு ரீல்ஸ், பின்னால் சாதிப் பெருமைப் பாட்டு, மேலே ‘சமுதாயம்’ என்று எழுத்து. இதைப் பதிந்தவர் மேல் வழக்குப் போடும் அதே காவல் நிலையம், தன் சுவரொட்டியில் ‘சமுதாயக் காவல்’ என்று அச்சடித்தால், வாசிப்பவர் எதை நம்புவது?

2020-இல், கொரோனா நேரத்தில், இதே கோளாறு நாடு பார்க்க நடந்தது. ‘சோஷியல் டிஸ்டன்சிங்’ முதலில் ‘சமூக விலகல்’ ஆனது. தீண்டாமை வாடை அடிக்கிறதே என்று பலரும் சொன்னபின் ‘சமூக இடைவெளி’ ஆனது, கடைசியில்தான் ‘தனிமனித இடைவெளி’. அதே மாதங்களில் ‘கம்யூனிட்டி ஸ்ப்ரெட்’ என்பதும் ‘சமூகப் பரவல்’. ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்கள்; இரண்டையும் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டியது நம் மொழிபெயர்ப்பு. ‘சமூக ஊடகம்’ என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. அது ‘சோஷியல்’ என்பதற்கு நின்றுவிட்டது, யாரும் அதைச் சாதி ஊடகம் என்று படிப்பதில்லை. ‘கம்யூனிட்டி’ வரும் இடத்தில் எல்லாம் யோசிக்காமல் அதையே ஒட்டுவதுதான் தவறு.

தவறு தாளோடு நின்றால் பரவாயில்லை. காவல் துறை முகநூலில் ஒரு கார்டு போடுகிறது: “சமூகக் காவல் கூட்டம், வாரீர்.” கீழே வரும் முதல் கேள்வி “எந்தச் சமூகத்துக்கு?” என்பதாக இருக்கும். அடுத்தவர் எஸ்.ஐ.யின் சாதியை எழுதுவார். மூன்றாமவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவுக்குத் தள்ளுவார். வாட்ஸ்அப் 2018-இலேயே இந்தியாவில் வந்த தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்படுத்திவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதுப்படமாக அனுப்பினால் எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். கூட்டத்துக்கு வர நினைத்தவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இத்தனைக்கும் சரியான பொருளில் ஒரு ‘கம்யூனிட்டி’ தமிழகக் காவல் நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புகார் கொடுத்தால் ரைட்டர் தருகிற ‘சி.எஸ்.ஆர்.’ ரசீதில் ‘சி’ என்பது ‘கம்யூனிட்டி’தான், கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர். அதை யாரும் ‘சமூக சேவைப் பதிவேடு’ என்று சொல்வதில்லை. ‘மனு ரசீது’ என்கிறார்கள். வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அதனால் நிலைத்தது.

போட்டிக்கு வேறு சில சொற்கள் உண்டு. 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற, காவலருக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பை ஒட்டிக் ‘காவல் நண்பர்கள்’ என்ற பெயர் பரவியது. நல்ல தமிழ். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அந்த அமைப்பினர் மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அமைப்புக்கே தடை போட்டது. சாத்தான்குளச் செய்தி கைபேசி வழியே நாடெங்கும் போன வேகத்தில் ‘நண்பர்’ என்ற சொல்லும் சேர்ந்து கெட்டது. இனி அதை எடுத்துப் பயனில்லை.

‘ஊர்க்காவல்’? போலீசுக்கே ‘நகர்’தான் வேர் என்பதால் ஆசையாக இருக்கும். ஆனால் ‘ஊர்க்காவல் படை’ என்று ‘ஹோம் கார்டு’க்கு அது போய்விட்டது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இந்த மண்ணிலேயே உண்டு. பாளையக்காரர் காலத்தில் இங்கே ஊரளவில் தலக்காவல், வட்டார அளவில் திசைக்காவல் என்று இரண்டு காவல்முறைகள். காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு. களவு போனால் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். நாளடைவில் மாட்டை ஓட்டிப்போனவர்களுக்கே ‘துப்புக்கூலி’ கொடுத்து மாட்டைத் திருப்பி வாங்கும் நிலை வந்தது. காவல் உரிமையும் பெரும்பாலும் சாதிவழி உரிமை. 1801-இல் பாளையங்கள் ஒடுங்கி, 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தபிறகும் பல ஊர்களில் அது லேசில் போகவில்லை. ‘ஊர்’ என்ற சொல்லும் சுத்தமில்லை. ஊர் என்றால் எந்தத் தெரு வரை? காலனி அதில் சேர்த்தியா? ‘ஊர்க்கூட்டம்’ முடிவெடுத்து ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் அதற்குப் பெயர் ‘ஊர்விலக்கு’. காவலர் காக்க வேண்டியது அந்தக் குடும்பத்தையும் சேர்த்துத்தானே.

மிச்சம் ‘மக்கள்’. எல்லை கிழிக்காத சொல். ஆனால் ‘மக்கள் காவல்’ என்று வெறுமனே போட்டால் மக்களே காவலர் ஆகிவிடுகிறார்கள். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். ஆகவே ஓர் உருபு கட்டாயம் வேண்டும்: ‘மக்களோடு காவல்’. மூன்றாம் வேற்றுமை ‘ஓடு’ உடனிகழ்ச்சிப் பொருள் தரும். தாயோடு குழந்தை வந்தது என்றால் இருவரும் வந்தார்கள். ஒருவருக்காக மற்றவர் வந்துவிடவில்லை. ‘மக்களுடன் முதல்வர்’ என்ற திட்டப் பெயருக்குப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவும் இராது. அரசாணை நடை வேண்டுமென்றால் ‘மக்களோடு இணைந்த காவல்பணி’. கேரளத்தார் 2008-இல் திட்டம் தொடங்கியபோது ‘கம்யூனிட்டி’யைத் தேடி அலையாமல் ‘ஜனமைத்ரி’, அதாவது மக்கள் நட்பு, என்று வைத்துக்கொண்டார்கள். சேலை வேறு, நெசவு இதுதான்.

சுவரொட்டி எழுதுபவருக்கு: ‘சமூகக் காவல் அலுவலர்’ என்று இருந்தால் ‘உங்கள் பகுதிக் காவலர்’ என்று மாற்றி, பெயரையும் நிலையத்துக் கைபேசி எண்ணையும் போடுங்கள். இரவு ரோந்து வருபவர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் எந்தக் கடையில், எந்தக் கோயில் வாசலில் இருக்கிறது என்று எழுதுங்கள். தகராறு பற்றிய பதிவில் தெருப்பெயர், வழக்கு எண், பிரிவு, எத்தனை பேர் கைது என்பவை இருக்கட்டும். சாதி வேண்டாம், ‘இரு சமூகத்தினர்’ என்ற மறைப்பும் வேண்டாம், ‘இரு தரப்பினர்’ போதும். கூட்ட அழைப்பு இப்படி இருக்கலாம்: “மக்களோடு காவல். ஞாயிறு காலை 10 மணி, பஞ்சாயத்துப் பள்ளி வளாகம். எல்லாத் தெருக்காரர்களும் வரவும்.”