புதிய பதிப்பை எப்போது ஏற்றுவது?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடுமோ என்பதுதான் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களின் நிரந்தரக் கவலை. நேற்று வரை ஒழுங்காக ஓடிய மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. போட்டால் எது உடையும் என்று தெரியாது. போடாவிட்டால் யார் உள்ளே புகுவார்கள் என்று தெரியாது. இரண்டு பயமும் நியாயமானதுதான். ஆனால் நாள் ஆக ஆக முதல் ஆபத்து குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. எது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்ததே எப்போது அப்டேட் போடுவது என்ற கணக்கு.

முதல் ஆபத்து குறையக் காரணம், நமக்கு முன்னால் போட்டவர்கள் பிழைகளைக் கண்டுபிடித்துவிடுவது. 'பாயின்ட் ஒன் வரட்டும்', அதாவது முதல் திருத்தப் பதிப்பு வரட்டும் என்று பலரும் காத்திருப்பது இதனால்தான். நல்ல பழக்கம், ஆனால் ரொம்ப நம்பக் கூடாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 14-ஆம் பதிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. டேபிள் பயன்பாட்டில் இருக்கும்போதே இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கு உதவும் பட்டியல், உருவாக்கும் கட்டளையில் ஒரு பிழை இருந்தது. அது இன்டெக்ஸைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். அதைச் சரிசெய்த 14.4 வந்தது 2022 ஜூனில். இடையில் வந்த மூன்று திருத்தப் பதிப்புகளிலும் பிழை அப்படியே இருந்தது. அடுத்தவர் கண்டுபிடிப்பது அவர் பயன்படுத்தும் வசதியில் உள்ள பிழையைத்தான்.

பாதுகாப்புத் திருத்தங்களின் கணக்கே வேறு. திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டால் எந்த வரி மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இணையதளங்களைக் கட்டப் பயன்படும் மென்பொருளான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் மாதத் தொடக்கத்தில் திருத்தம் வந்தது. சில நாட்களிலேயே அந்த ஓட்டையைக் குறிவைத்துத் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் ஒரு தளத்தில் திருத்தம் போடப்படாமலே கிடந்தது. மே மாதம் அதன் வழியாகப் புகுந்தவர்கள் ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய சர்வர் என்றால், இத்தகைய திருத்தத்துக்கு ஓரிரு நாளுக்கு மேல் யோசிக்கக் கூடாது என்பது என் எண்ணம். அதற்காக எல்லா இயந்திரங்களிலும் ஒரே நேரத்தில் போட வேண்டியதில்லை. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது; அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. முதலில் சில நூறில் போட்டுப் பார்த்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

புதிய வசதிகளோடு வரும் பெரிய அப்கிரேடுக்கு இந்த அவசரம் கிடையாது. அங்கே தலைவலி, மாற்றியது ஓரிடமாகவும் கெடுவது இன்னோர் இடமாகவும் இருப்பது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு 2018-இல் வந்தபோது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. '11', '1-1' என்ற இரண்டில், அமெரிக்க ஆங்கில அமைப்பில், முன்பு '11' முதலில் வரும். இப்போது '1-1' முதலில் வருகிறது. அற்பமான மாற்றம் போலத்தான் தெரியும். ஆனால் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் என்பது வரிசைப்படி அடுக்கிய பட்டியல். தேடும்போது ஒவ்வொரு படியிலும் 'இதற்கு முன்னா, பின்னா' என்று கேட்டுக்கொண்டே இறங்கும். பழைய விதிப்படி அடுக்கியதைப் புதிய விதிப்படி தேடினால் தவறான கிளைக்குள் போய், இருக்கும் பதிவையே 'இல்லை' என்று சொல்லும். 'இல்லை' என்றதால், ஒன்றுதான் இருக்க வேண்டிய பதிவு இரண்டாவது முறையும் ஏறிவிடும். டேட்டாபேஸை யாரும் தொடவில்லை, மாறியது ஆப்பரேட்டிங் சிஸ்டம் மட்டுமே. அப்போது லாகில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. எழுத்துகள் உள்ள இன்டெக்ஸ்களை மறுபடி கட்டினால் சரியாகிவிடும், ஆனால் அப்படிக் கட்ட வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பத்து வரி மாதிரித் தரவோடு ஓடும் டெஸ்ட் சர்வரில் இதெல்லாம் கண்ணில் படாது. உண்மையான தரவின் நகலில்தான் ஒத்திகை பார்க்க வேண்டும்.

ஒத்திகையில் திரும்பி வரும் வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத செயலி என்றால் பழைய பதிப்புக்குப் போவது சுலபம். டேட்டாபேஸ் அப்படியல்ல, புதிய பதிப்பு எழுதத் தொடங்கிய பிறகு பழைய பேக்கப்புக்குப் போனால், இடையில் வந்த தரவு போய்விடும். 2012 ஆகஸ்ட் 1 அன்று பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் நடந்தது இன்னும் விசித்திரம். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில், பல ஆண்டாகப் பயன்படுத்தாத பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள். பழைய நிரல் அவற்றிலும் ஓடத் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

கடிகார நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் இல்லாத நள்ளிரவில் போடுவதுதான் வழக்கம். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சீட்டில் இருக்கும் செவ்வாய்க்கிழமை காலைதான் எனக்குப் பிடிக்கும். சர்வருக்கு வரும் போக்குவரத்து சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

தள்ளிப்போடுவதற்கு எல்லை உண்டு, அது நாள் குறிக்கப்பட்ட எல்லை. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுதான் ஆதரவு, அதற்குப் பிறகு திருத்தங்கள் வராது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. நீங்கள் ஓட்டும் பதிப்புக்கு ஆதரவு முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒத்திகைக்குச் சில மாதங்களும் அதில் உடைவதைச் சரிசெய்ய அதே அளவும் ஒதுக்கினால், வேலையைத் தொடங்க வேண்டிய மாதம் கிடைத்துவிடும்.