செதுக்குவேலை கொண்ட பழைய ரிவால்வர்கள்: அமெரிக்கச் சட்டம் எதைத் தொன்மையானது என்கிறது?

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட கைத்துப்பாக்கி, பொதுவான துப்பாக்கி வரையறைக்குள் வருவதே இல்லை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகையவற்றைத் தொன்மைத் துப்பாக்கிகள் எனத் தனியே பிரித்துவைத்திருக்கிறது. ஆகவே, கொடியும் இலையுமாகச் செதுக்கப்பட்ட, கோல்ட் நிறுவனத்தின் 19-ஆம் நூற்றாண்டு ரிவால்வர் ஒன்றை வாங்குபவர் உரிமம் பெற்ற வணிகரை நாட வேண்டியதில்லை. துப்பாக்கி வாங்குவோர் வணிகரிடம் நிரப்பித் தரும் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டியதில்லை. பின்னணிச் சரிபார்ப்புக்கும் உட்பட வேண்டியதில்லை. தனிநபர்கள் ரிவால்வரை அஞ்சலில் அனுப்ப 1927-இல் சட்டம் தடை விதித்த அந்நாட்டில், சேகரிப்புப் பொருளாக அனுப்பப்படும் தொன்மைத் துப்பாக்கியை, அதில் குண்டு நிரப்பப்படாமல் இருந்தால், அஞ்சல்துறை ஏற்றுக்கொள்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கு, துப்பாக்கியின் உடற்சட்டம், அதாவது மற்ற உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டகம், செய்யப்பட்ட நாளைப் பொறுத்தது. விற்கப்பட்ட நாளைப் பொறுத்ததன்று. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் நியூ மாடல் நம்பர் 3 ரிவால்வர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலும் விற்பனையில் இருந்தன என்றாலும், அவற்றின் உடற்சட்டங்கள் 1899-க்கு முன்பே செய்து முடிக்கப்பட்டவை என்பதால், அவை தொன்மையானவையாகவே கொள்ளப்படுகின்றன. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக்காப்பகம் கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்கும் கடிதமோ துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட நாளையே தருகிறது. அந்த நாள் 1898-க்குள் இருந்தால் ஐயமில்லை. அதற்குச் சற்றுப் பிந்தியிருந்தால் தொடர் எண்ணைக் கொண்டு உடற்சட்டத்தின் ஆண்டைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும்.

தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது என்றால் அந்தத் துப்பாக்கி தொன்மையானதாகாது என்று பலர் எண்ணுகிறார்கள். கூட்டரசுச் சட்டத்தில் இந்தச் சோதனை பிற்காலப் போலிப்படிகளுக்கு மட்டுமே உரியது. 1880-இல் செய்யப்பட்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் இன்று விற்கும் தோட்டாவைப் போட்டுச் சுட முடிந்தாலும், ஆண்டு ஒன்றே அதற்குப் போதுமானது. இத்தாலியில் இன்று செய்யப்படும், கரிமருந்தையும் குண்டையும் தனித்தனியே இட்டுச் சுடும் ரிவால்வர் போலிப்படிகளும் தோட்டா ஏற்காதவை என்பதால் இதே வரையறைக்குள் வந்துவிடுகின்றன. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவை ஏற்கும் போலிப்படிகள் வருவதில்லை.

செதுக்குவேலையைச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை. கோல்ட் நிறுவனத்துக்குப் பணியாற்றி 1869-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குச் சென்ற குஸ்தாவ் யங், நியூயார்க்கின் எல். டி. நிம்ஷ்கே, 1871 முதல் 1921 வரை கோல்ட் நிறுவனத்தின் செதுக்குப்பணிக்குத் தலைமை தாங்கிய கூனோ ஹெல்ஃப்ரிக்ட் ஆகியோரின் கைவேலையும், பழைய உடற்சட்டத்தின் மேல் சென்ற ஆண்டு யாரோ செதுக்கிய வேலையும் சட்டத்தின் முன் ஒன்றுதான். சந்தையில் அவற்றின் விலையோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கொண்டது. ஆகவே, இந்தச் சலுகை வாங்குபவரைப் போலியிலிருந்து காக்கும் என எண்ணிவிடக் கூடாது. அதற்குத் தொழிற்சாலைப் பதிவில் செதுக்குவேலை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே உருப்படியான வழி. 1864-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீ விபத்தில் பதிவுகள் பல அழிந்தமையால், அதற்கு முந்தைய துப்பாக்கிகளுக்கு இந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது.

சட்டம் உற்றுப் பார்ப்பது கைப்பிடியைத்தான். உயர்ந்த செதுக்குவேலை கொண்ட ரிவால்வர்கள் பலவற்றுக்கு யானைத் தந்தத்தில் கைப்பிடி இட்டிருப்பார்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை 2016 ஜூலை முதல் நடப்பிலுள்ள விதி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கிறது. தொன்மைப் பொருளுக்கான விலக்கைக் கோருபவர், பொருள் 100 ஆண்டுகளுக்குக் குறையாதது என்பதையும், 1973 டிசம்பருக்குப் பின் அழிவுநிலை உயிரினத்தின் பொருளால் அது பழுதுபார்க்கப்படவில்லை என்பதையும் காட்ட வேண்டும். உடைந்த கைப்பிடிக்கு மாற்றாக 1980-களில் புதுத் தந்தம் பொருத்தப்பட்டிருந்தால் இந்த விலக்கு கைவிட்டுப் போகும். மாநில எல்லைக்குள் நடக்கும் விற்பனைக்கும் விதிகள் உண்டு: நூறாண்டுப் பொருளில் தந்தத்தின் பருமன் நியூயார்க்கில் 20 சதவீதத்துக்கும், கலிபோர்னியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

மாநிலங்கள் துப்பாக்கி வரையறையிலும் தம் வழியே செல்கின்றன. நியூஜெர்சியின் தொன்மை வரையறையில் கைத்துப்பாக்கிக்கு இடமில்லை. நியூயார்க்கில், தோட்டா ஏற்கும் பழைய ரிவால்வர் என்றால், அந்தத் தோட்டா இன்று வழக்கமான வணிகத்தில் கிடைக்காததாக இருக்க வேண்டும். முன்னர்ச் சொன்ன 1880-ஆம் ஆண்டு ரிவால்வர் அங்கே உரிமமின்றி வைத்திருக்கத் தக்கதன்று.

1898-க்குப் பிந்திய, ஆனால் 50 ஆண்டுகளைக் கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கெனச் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் கட்டணம். கைக்கு வரும் துப்பாக்கிகளையும் கைவிட்டுப் போகும் துப்பாக்கிகளையும் பதிவேட்டில் குறித்துவர வேண்டும். அதைக் கொண்டு வணிகம் நடத்தக் கூடாது.

இவற்றில் எதுவும் அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. அங்கே வாங்கியதை ஊருக்குக் கொண்டுவர எண்ணுபவர், இந்திய ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுடப் பயன்படாத தொன்மைத் துப்பாக்கிக்கு மட்டுமே விலக்களிக்கிறது என்பதை வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.