டாஷ்போர்டை அரிக்கும் ஆரஞ்சு வாசனை

கடையில் வாங்குவதில் ஏதேதோ ரசாயனம் இருக்கும், நாமே செய்தால் பயமில்லை என்று நினைத்துத்தான் பலரும் காருக்கான ஏர் ஃப்ரெஷ்னரை வீட்டில் தயாரிக்கிறார்கள். காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது வேறு: ஏசி வென்ட்டுக்குக் கீழே விரல் அகலத்தில் மங்கலாக ஒரு கோடு. தொட்டால் பிசுபிசுக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், பிளாஸ்டிக்கின் மேலிருக்கும் பொடிப்பொடியான சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் மழுங்கிப்போயிருக்கும். வென்ட்டில் மாட்டிய குப்பியிலிருந்து கசிந்த ஆரஞ்சு எண்ணெய் செய்த வேலை அது. எந்தப் பாலிஷுக்கும் சரியாகாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதுதான்.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்களில் பெரும்பங்கு லிமோனீன் என்னும் கரைப்பான். ஸ்டிக்கர் பசையையும் கிரீஸையும் நீக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் சேர்ப்பதும் இதைத்தான். ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், அந்த இடம் குழி விழும். அதனால் பிளாஸ்டிக்கை நேரடியாகத் தொடும் எந்த அமைப்பிலும் இந்த எண்ணெய்களை வைக்கக் கூடாது.

அடுத்தது வெயில். ஒரு சாதாரணக் காரின் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 3 கன மீட்டர். கதவடைத்து வெயிலில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் உள்காற்று 45 டிகிரியைத் தாண்டிவிடும். டாஷ்போர்டு 70 டிகிரியை நெருங்கும். வீட்டு அறைக்கு எழுதிய செய்முறைகள் காரில் சொதப்புவது இதனால்தான். ஜெலட்டின் ஜெல் 35 டிகிரி வாக்கிலேயே இளகி ஓடும். சோயா மெழுகும் வெயிலில் உருகும். தேன்மெழுகு 62 டிகிரி வரை தாங்கும் என்றாலும் டாஷ்போர்டில் வைத்தால் அதுவும் நிற்காது. அகர் அகர் மட்டும் 85 டிகிரி வரை இளகாது, ஆனால் நீர் வற்றிச் சுருங்கும், சில நாளில் பூஞ்சையும் பிடிக்கும். காருக்கு ஜெல்லே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

தீப்பிடிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. துணியில் விட்ட சில துளிகளால் கார் எரிந்துவிடாது. ஆனால் ஆரஞ்சு எண்ணெயின் ஆவி 50 டிகிரிக்குக் கீழேயே, ஒரு பொறி பட்டால் பற்றக்கூடியது. ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே என்றால் சாதாரண வெப்பத்திலேயே பற்றும். எனவே எண்ணெய்ப் புட்டியையோ ஸ்ப்ரேயையோ காரின் டிராயரில் போட்டு வைக்காதீர்கள். வீட்டில் இருக்கட்டும்.

எதில் செய்யலாம்? காய்ந்த, எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பொருள்தான் காருக்குச் சரி. ஃபெல்ட் துணி முதல் தேர்வு. 3 மில்லிமீட்டர் தடிமனில், 5-க்கு 7 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, மேலே ஓட்டை போட்டு நூல் கோர்த்துக்கொள்ளுங்கள். லாவெண்டர் 4 துளி, வெட்டிவேர் அல்லது பச்சோலி (ஒரு வாசனை இலையின் எண்ணெய்) 2 துளி, ஆரஞ்சு 1 துளி. ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக விட்டு, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஒரு இரவு வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, டிஷ்யூ காகிதத்தில் அழுத்துங்கள். காகிதத்தில் எண்ணெய்த் தடம் விழுந்தால் இன்னும் காரில் மாட்டும் பதம் வரவில்லை. இந்தச் சோதனையை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான கறைகள் வருகின்றன.

துளிகளின் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஆரஞ்சு முதல் நாள் வெயிலிலேயே பறந்துவிடும். லாவெண்டர் சில நாள் நிற்கும். வெட்டிவேரும் பச்சோலியும் மெல்ல ஆவியாவதால் கடைசிவரை அடிமணமாகத் தங்கும். வெறும் எலுமிச்சை எண்ணெயில் செய்துவிட்டு இரண்டே நாளில் வாசனை போய்விட்டது என்பவர்கள் துளிகளைக் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியது அடிமணத்தை.

தொங்கவிடும் இடம் முன்சீட்டின் தலைசாய்ப்புக்குப் பின்புறம். ரியர்வியூ கண்ணாடியில் ஆடினால் பார்வையை மறைக்கும். சில நாடுகளில் அதற்கு அபராதமும் உண்டு.

பேக்கிங் சோடா ஜாடி இன்னொரு வழி. 100 மில்லி ஜாடியில் 50 கிராம் போட்டால் பாதி நிரம்பும். 8 துளி எண்ணெய் விட்டுக் கிளறி, வாயில் மெல்லிய துணி கட்டி, அதன்மேல் ஓட்டை போட்ட மூடியை இறுக்குங்கள். துணி இல்லாவிட்டால் முதல் திடீர் பிரேக்கில் சீட்டெல்லாம் வெள்ளைப் பொடி. கப் ஹோல்டரில் அசையாமல் உட்கார வேண்டும். கட்டி தட்டிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இந்தச் சோடா வியர்வை, புளித்த பால் போன்ற அமில வாடையை ஓரளவு அடக்கும். சிகரெட் வாடையிடம் அதன் பாச்சா பலிக்காது, ஏனென்றால் அது கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் படலமாக ஒட்டியிருக்கும்; துடைத்து எடுத்தால்தான் போகும். ஏசி போட்டதும் ஈர வாடை வந்தால் காரணம் உள்ளே பூஞ்சை, அல்லது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரில் ஏறிய அழுக்கு. ஃபில்டரை மாற்றுங்கள். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள் ஈரம் காயும். வாடைக்கு மேல் வாசனையை ஏற்றினால் இரண்டும் கலந்து குமட்டும், பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல் மூக்கு. சில நிமிடத்தில் அது பழகிவிடும், ஓட்டுபவருக்கு வாசனையே தெரியாது. ஏறியதும் வாசனை தூக்கலாக இருக்கிறதா என்று வெளியாள் ஒருவரிடம் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அதற்கு முன் ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் தேங்கிய ஆவி முழுவதும் உங்களுக்குத்தான். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர் வழக்கமாகப் பயணிக்கும் வண்டியில் வாசனையே வேண்டாம். வாடையை இழுக்க ஆக்டிவேட்டட் கரிப் பை ஒன்று போதும்.

குழந்தைகள் ஏறும் காரில் யூகலிப்டஸ், புதினா எண்ணெய், கற்பூரம் மூன்றையும் தவிருங்கள். கைக்குழந்தையின் மூச்சுப்பாதையை இவற்றின் காரம் இறுக்கலாம். யூகலிப்டஸ் எண்ணெயோ கற்பூரமோ சிறிதளவு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். அந்துருண்டை எந்தக் காருக்கும் ஆகாது. அதன் நாப்தலீன் ஆவி ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயைத் தொடாமலிருப்பது நல்லது.

எண்ணெய் சிந்திவிட்டால் பரப்பித் தேய்க்காமல், உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து இரண்டு முறை துடையுங்கள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஆரஞ்சு எண்ணெய் விட்டுவைத்ததையும் அவை கரைத்துவிடும்.