இருசக்கர வாகனத்துக்கு மாற்றுச் சாவி செய்வதற்கு முன்

புது வண்டி எடுக்கும்போது ஷோரூமில் இரண்டு சாவிகள் தருகிறார்கள். ஒன்று அன்றாடம் புழங்கித் தேய்கிறது. மற்றொன்றை எங்கே வைத்தோம் என்பதே பல வீடுகளில் மறந்துபோகிறது. சென்னையில் சாவி செய்யும் தொழிலில் இருக்கும் நான், கடைக்கு வருபவர்களிடம் முதலில் கேட்பது "இன்னொரு சாவி இருக்கிறதா?" என்பதைத்தான். அது கையில் இருந்தால், சாதாரண வண்டிக்கு வேலை சில நிமிடங்களில், ஓரிரு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டும் தொலைந்துவிட்டால் செலவும் நேரமும் கூடுவதோடு, பூட்டையே மாற்றும் நிலைகூட வரலாம். எனவே, ஒரு சாவி தொலைந்தால் மற்றதும் தொலையும்வரை காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே மாற்றுச் சாவி செய்துகொள்ளுங்கள்.

எந்தச் சாவியைப் பார்த்து நகல் எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இக்னிஷன் பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழையும்போது எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு உள்ளடங்குவதால்தான் பூட்டு திரும்புகிறது. எட்டு பத்து வருடம் ஓடித் தேய்ந்த சாவியை மெஷினில் வைத்து நகலெடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். இக்னிஷன் திரும்புகிறது, ஆனால் பெட்ரோல் டேங்க் மூடி திறக்கவில்லை என்று வருபவர்கள் பெரும்பாலும் இப்படி நகலுக்கு நகல் எடுத்தவர்கள்தான். புழங்காத சாவி வீட்டில் இருந்தால் அதையே கொண்டுவாருங்கள். சில வண்டிகளின் சாவியோடு எண் பொறித்த சிறு தகடு ஒன்று வரும். அந்த எண்ணைக் கொண்டு புதுச் சாவி பெற வழியிருப்பதால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தகட்டைச் சாவிக் கொத்திலேயே கோத்துத் தொங்கவிட வேண்டாம்.

இரண்டு சாவியும் தொலைந்த வண்டிக்கு, பூட்டையே பார்த்துச் சாவி செய்ய வேண்டும். வெட்டாத சாவியை உள்ளே விட்டு மெல்ல அழுத்தித் திருப்பினால், தகடுகள் உரசிய இடங்களில் மயிரிழை அளவுக்குக் கீறல் விழும். அந்த இடத்தை மட்டும் மெல்லிய அரத்தால் ராவி, மறுபடி உள்ளே விட்டுப் பார்த்து, மறுபடி ராவி என்று பொறுமையாகச் செய்தால் பூட்டுக்குப் பழுதில்லாமல் சாவி கிடைக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் ஹேண்டில் லாக்கைக் காலால் உதைத்து உடைத்துவிட்டு வண்டியைத் தள்ளிவருபவர்களும் உண்டு. சாவியோடு போயிருக்க வேண்டிய செலவு அதன்பின் லாக் செட், பொருத்துக்கூலி என்று வளர்கிறது. பல ஹோண்டா வண்டிகளில் சாவித் துளையை மூடும் காந்த ஷட்டர் இருப்பதால், சாவியின் பல் சரியாக இருந்தாலும் சாவியில் உள்ள காந்தம் பொருந்தாவிட்டால் மூடிய ஷட்டர் திறக்காது. 2023-இல் வந்த ஆக்டிவா ஹெச்-ஸ்மார்ட் போன்ற ஸ்மார்ட் சாவி வண்டிகளுக்கும், சிப் உள்ள சாவிகளுக்கும், சாவியை வண்டியோடு மின்னணு முறையில் இணைத்தாக வேண்டும் என்பதால் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்கே போங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஹேண்டில் லாக் போட்ட வண்டியைக் 'குட்டி யானை' எனப்படும் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிவந்து, "அண்ணே, வண்டி என்னோடதுதான், அவசரமாப் போகணும்" என்று ஒரு தம்பி கேட்டார். ஆர்சியைக் காட்டுங்கள் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டியைத் திருடியவரும் அதே வார்த்தைகளைத்தான் சொல்வார். ஆர்சி, அடையாள அட்டை, வண்டியில் பொறித்த சேசிஸ் எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போன பிறகே நான் அரத்தைத் தொடுவேன். ஆர்சி புத்தகம் கையில் இல்லாவிட்டாலும், டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆர்சியை ஏற்கலாம் என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்திருப்பதால், கைப்பேசியில் காட்டினால் போதும். எதையும் கேட்காமல் சாவி செய்து தரும் கடை, நாளை உங்கள் வண்டிக்கும் அதேபோல் யாருக்கோ செய்து தரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

காப்பீட்டையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டி திருடுபோனால் இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும், காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக முதல் தகவல் அறிக்கை, ஆர்சி ஆகியவற்றோடு இரண்டு அசல் சாவிகளையும் கேட்கின்றன. ஒரு சாவி வண்டியிலேயே விடப்பட்டிருந்ததா என்ற சந்தேகத்தை அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? வேளச்சேரியைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், தொலைந்த சாவிக்குப் பதிலாகத் தெருவோரத்தில் செய்த சாவியை ஒப்படைத்துவிட்டு, அது எப்போது, எங்கே செய்தது என்ற கேள்விக்குப் பதில் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் மாதக்கணக்கில் அலைந்தார். சாவி தொலைந்ததும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள், மாற்றுச் சாவிக்கு வண்டி எண்ணும் தேதியும் எழுதிய பில் வாங்குங்கள்.

சாவி உள்ளேயே முறிந்துபோனால், தயவுசெய்து பசை தடவி ஒட்டி இழுக்க முயல வேண்டாம். பசை தகடுகளுக்குள் இறங்கிவிட்டால் பூட்டைக் காப்பாற்றுவது கடினம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இப்படிப்பட்ட கோளாறுகளை நிறையப் பார்த்தேன். சேறு புகுந்து இறுகிய பூட்டில் பலத்தைக் காட்டித் திருப்பியதால் முறிந்த சாவிகள் அவை. கடற்கரையோரப் பகுதிகளில் உப்புக் காற்றாலும் ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கின்றன. பூட்டு இறுகத் தொடங்கும்போதே காட்டினால், கழுவிச் சரிசெய்துவிடலாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் விலை பேசும்போதே இரண்டு சாவிகளையும் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அந்த இன்னொரு சாவி எங்கே, யாரிடம் இருக்கிறது என்பதை விற்பவரே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வண்டிக்கு நகல் சாவி செய்வதைவிட இக்னிஷன், டேங்க், சீட் என எல்லாவற்றுக்கும் ஒரே சாவியோடு வரும் புது லாக் செட் போடுவதே பாதுகாப்பு. ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விசாரித்தால், பரவலாக ஓடும் வண்டிகளுக்கு அது கிடைக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று புதுப்பேட்டையில் பழைய பூட்டை வாங்கினால், அதற்கும் வெளியே எத்தனை சாவிகள் இருக்கின்றன என்பது தெரியாது. லாக் செட் மாற்றியதும் அதன் பில்லை ஆர்சி நகலோடு சேர்த்து வைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.